ஒரு பொருத்துவாயின் வரலாறு

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் ஒரு வினாவுடன் என்னிடம் வந்தார். வீட்டின் பின்கட்டில் சிறியதொரு மரவேலைப் பட்டறை அமைக்க எண்ணியிருந்தார். கையிலிருந்த பணமோ சிறிது. “ஐயா, குறைந்த விலையில் பட்டை ரம்பம் ஒன்று வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது?” என்று கேட்டார். நான் தச்சனல்லேன், வரலாறு கற்பித்தவன். ஆகவே அப்பொறி பிறந்த கதையை அவருக்குச் சொன்னேன். அவர் வினாவுக்குரிய விடை அக்கதையினுள்ளேயே இருந்தது.

மர வாடிகளில் ‘பேண்ட் சா’ என்று வழங்கும் இப்பொறியை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சக்கரங்கள். அவற்றைச் சுற்றி, பல் வெட்டிய எஃகுப் பட்டையொன்று வளையமாக ஓடுகிறது. கைரம்பம் ஒரு திசையில் செல்லும்போதுதான் அறுக்கும். திரும்பி வருகையில் நேரம் வீணாகும். பட்டை ரம்பத்திற்குத் திரும்பி வருதல் என்பதே இல்லை.

இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பவர் 1808ஆம் ஆண்டிலேயே இப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். கருத்தில் குறையொன்றும் இல்லை. ஆயினும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது தொழிலுக்குப் பயன்படாமலே கிடந்தது. காரணம் யாது? நீண்ட எஃகுப் பட்டையின் இரு முனைகளையும் இணைத்தால்தான் வளையம் உண்டாகும். அவ்வாறு இணைத்த பொருத்துவாய் நிலைக்கவில்லை, விரைவில் அறுந்தது.

இதன் அருமையைச் சிறு கணக்கொன்றால் உணரலாம். ஏறத்தாழ 8 அடி நீளமுள்ள பட்டை, நிமிடத்திற்கு 3000 அடி வேகத்தில் ஓடுவதாகக் கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் அது 375 முறை சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றிலும் மேற்சக்கரத்தில் ஒரு முறை, கீழ்ச்சக்கரத்தில் ஒரு முறை என வளைந்து நிமிரும். ஆக, நிமிடத்திற்கு 750 வளைவுகள்! ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்து நிமிர்த்தினால் அது முறிவதை நீங்கள் அறிவீர்கள். வலுவற்ற பொருத்துவாய் எவ்வளவு நேரம் தாங்கும்?

இம்முட்டுக்கட்டையை நீக்கியவர் ஒரு பெண்மணி. பிரான்சு நாட்டைச் சேர்ந்த அன் பாலீன் கிரேப்பேன் என்ற அம்மையார், பட்டையின் முனைகளை உறுதியாகப் பற்றவைக்கும் முறையைக் கண்டு, 1846இல் காப்புரிமை பெற்றார். பாரிஸ் நகரத்துப் பெரேன் நிறுவனம் அவ்வுரிமையை வாங்கிற்று. தக்க எஃகையும், அதனைப் பதப்படுத்தும் நுட்பத்தையும் அம்முறையுடன் சேர்த்தது. இவ்வாறே இன்றைய பட்டை ரம்பம் உருப்பெற்றது.

இதனால் விளைந்த நன்மை யாது? தடித்த வட்ட ரம்பம் அறுக்குமிடத்தில் கால் அங்குல மரத்தைத் தூளாக்கும் என்றால், மெல்லிய பட்டையோ அரைக்கால் அங்குலத்தோடு நிற்கும். ஓர் அங்குலப் பலகைகளாக அறுக்கும்பொழுது, முன்னதில் நான்கு அறுப்புக்கு ஒரு பலகை தூளாகும். பின்னதில் எட்டு அறுப்புக்கே ஒன்று போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய மர ஆலைகள் பட்டை ரம்பத்தை நாடியதற்கு இச்சிக்கனமே முதன்மையான காரணம்.

ஆலைக்குரிய பொறி வீட்டுக்குள் நுழையச் சிறிய மின்மோட்டார் வர வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஹெர்பர்ட் டாட்ஸ் என்பார் 1919இல் தொடங்கிய டெல்டா நிறுவனம், வீட்டுப் பட்டறைகளுக்கெனச் சிறு பொறிகளைச் செய்து விற்றது. 1930களில் அது வெளியிட்ட 14 அங்குலச் சக்கரப் பட்டை ரம்பம் பிறர்க்கு முன்மாதிரியாயிற்று. பிற்காலத்தில் தைவான் நாட்டுத் தொழிற்சாலைகள் அவ்வமைப்பையே பின்பற்றி மலிவாகச் செய்தன. எளியவர் கைக்கும் அப்பொறி எட்டிற்று.

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். அவர் வாங்க எண்ணியிருந்தது, மூன்று சிறு சக்கரங்கள் கொண்ட மலிவுப் பொறி. இரண்டுக்கு மூன்று சக்கரம் மேலன்றோ என்பது அவர் எண்ணம். சக்கரம் சிறிதானால் பட்டை கூர்மையாக வளையும். சக்கரம் மூன்றானால் சுற்றுக்கு மூன்று முறை வளையும். நியூபெரியைத் தோற்கடித்த அதே வளைவுதான்! பொறியில் மிச்சப்படுத்திய பணம், அறுந்த பட்டைகளுக்கே செலவாகிவிடும். ஓடும் பட்டை அறுவதால் நேரும் அபாயமும் உண்டு.

ஆதலின் அவருக்கு நான் கூறியவை இவை. பணம் குறைவென்றால், பகட்டான புதுப்பொறியினும் உறுதியான சட்டகமுடைய பழைய 14 அங்குலப் பொறி நன்று. மோட்டாரை ஓட்டுமுன் மின்னிணைப்பைத் துண்டித்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும், அது தள்ளாடலாகாது. சக்கரங்களின்மேல் உள்ள ரப்பர் உறை வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். பட்டையை முறுக்கேற்றும்போது சட்டகம் வளைந்து கொடுக்கலாகாது. மூடிகள் யாவும் இருத்தல் வேண்டும். பின்னர்ப் பொறியை ஓட்டி, அதன் மேசைமேல் ஒரு நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்திப் பார்க்கலாம். அதிர்வு மிகுந்த பொறியில் நாணயம் விழுந்துவிடும். எஞ்சிய பணத்தை நல்ல பட்டைக்குச் செலவிட வேண்டும்.

மூன்று கிழமைகளுக்குப் பின், அவர் பழைய பொறியொன்றை வாங்கிச் சீர்செய்து, அதில் அறுத்த பலகையால் செய்த எழுதுமேசையை எனக்குக் காட்டினார். “பொருத்துவாயைத்தான் முதலில் பார்த்தேன், ஐயா” என்றார். நாற்பது ஆண்டுக்காலம் முடங்கிக் கிடந்த ஒரு பொறியை ஓடச் செய்தது அந்தச் சிறு பொருத்துவாய். அதனை உறுதியாக்கிய கிரேப்பேன் அம்மையாரின் பெயரை இன்று அறிந்தோர் சிலரே. மாணவர்களே, அப்பெயரை நீங்களேனும் நினைவில் வையுங்கள்.