பந்தயப் பட்டையின் வரலாறு: பிணைப்பு முனைகள் சொல்லும் பாடம்

பெருநகரங்களின் வாகன உதிரிப்பொருள் கடைகளில் சிவப்பு, நீல நிறங்களில் தொங்கும் நான்கு முனைப் பட்டைகளைப் பலரும் பார்த்திருக்கலாம். பந்தயக் கார் ஓட்டுநரை இருக்கையோடு பிணைக்கும் ‘ஹார்னஸ்’ என்னும் பட்டைத் தொகுதியின் சாயலில் அமைந்தவை அவை. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் இளைஞர் சிலர், அழகும் பாதுகாப்பும் ஒருசேரக் கிடைக்கும் என்று எண்ணி அவற்றை வாங்கிப் பொருத்துகின்றனர். அந்தப் பட்டை இன்றைய வடிவத்தை அடைந்த வரலாற்றைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். உயிரைக் காத்ததும் பறித்ததும் பட்டையின் வலிமை மட்டுமன்று. உடலோடும் காரோடும் அது எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் பிணைக்கப்பட்டது என்பதும்தான்.

பட்டையின் பிறப்பிடம் சாலை அன்று, வானம். தொடக்ககால விமானங்கள் தலைகீழாகப் பறக்கும்போது விமானி கீழே விழாதிருக்கவே வார்கள் பயன்பட்டன. மோதலின் அதிர்ச்சியை மனித உடல் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி பின்னரே எழுந்தது. அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப் அதற்கு விடை காணத் தம் உடலையே சோதனைக்கு உட்படுத்தினார். 1954 டிசம்பர் 10 அன்று, நியூ மெக்சிகோவின் ஹாலமன் தளத்தில், ராக்கெட் பூட்டிய சறுக்குவண்டியில் மணிக்கு 632 மைல் வேகத்தை எட்டிய அவர், ஏறத்தாழ 1.4 நொடியில் நிறுத்தப்பட்டார். புவியீர்ப்பு விசையைப் போல் 46 மடங்கு விசை அவர் உடலைத் தாக்கியது. கண்களில் குருதி கட்டிச் சிறிது நேரம் பார்வை இழந்தார், ஆயினும் பிழைத்தார். உடலை இருக்கையோடு முறையாகப் பிணைத்தால் பெரும் அதிர்ச்சியையும் தாங்கலாம் என்பது அன்று நிறுவப்பட்டது. விமான ஆய்வில் பெற்ற இந்த அறிவைக் கார் விபத்துகளின் பக்கம் திருப்பியவரும் அவரே. 1955இல் தொடங்கிய கார் மோதல் ஆய்வு மாநாடு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

ஆனால் பந்தய ஓட்டுநர்கள் பட்டையை உடனே ஏற்கவில்லை. அதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 1950களின் பந்தயக் கார்களில் எரிபொருள் தொட்டி எளிதில் பிளந்தது. தீயணைப்பு ஏற்பாடுகள் அரிதாகவே இருந்தன. கட்டுண்டு எரிவதைவிடத் தூக்கி எறியப்படுவதே மேல் என்று பலர் கருதினர். 1966இல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்தில் மழையில் வழுக்கி மோதிய ஜாக்கி ஸ்டூவர்ட், சிதைந்த காருக்குள் எரிபொருளில் நனைந்தபடி ஏறத்தாழ 25 நிமிடம் சிக்கிக் கிடந்தார். சக ஓட்டுநர்கள் பார்வையாளர் ஒருவரிடம் கருவிகளை இரவல் வாங்கி ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றிய பின்னரே அவரை வெளியே எடுக்க முடிந்தது. அதன்பின் அவர் நடத்திய பாதுகாப்பு இயக்கம் பட்டையை மட்டும் கேட்கவில்லை; மருத்துவ வசதி, தடுப்புவேலி, மீட்புக்குழு ஆகிய அனைத்தையும் சேர்த்தே கேட்டது.

அந்த மாறுதல் காலத்தின் பலியே யோஹென் ரிண்ட். 1970 செப்டம்பர் 5 அன்று இத்தாலியின் மோன்சா தடத்தில், தகுதிச் சுற்றின்போது அவருடைய லோட்டஸ் கார் தடுப்புவேலியில் மோதியது. அவர் பட்டை அணிந்திருந்தார். ஆனால் தொடையிடைப் பட்டையை மட்டும் பூட்டவில்லை. தீப்பற்றினால் விரைந்து வெளியேற வேண்டுமே என்ற பழைய அச்சம் அவரை விடவில்லை. மோதலில் உடல் பட்டைக்கு அடியில் முன்னோக்கி வழுக்கியது. உயிர்காக்க வேண்டிய பட்டையே கழுத்தைத் தாக்கி உயிரைப் பறித்தது. அவ்வாண்டின் உலகச் சாம்பியன் பட்டம் இறந்த பிறகே அவரைச் சேர்ந்தது.

உடல் நீர்மூழ்கிக் கப்பலைப் போல் பட்டைக்கு அடியில் செல்வதால் இதை ‘சப்மரைனிங்’ என்பர். தோள்பட்டைகளை இறுக்கும்போதும், மோதலில் நெஞ்சு அவற்றின்மேல் சாயும்போதும், நடுக்கொக்கி மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. அதனோடு இடுப்புப்பட்டையும் இடுப்பெலும்பை விட்டு மென்மையான வயிற்றின்மேல் ஏறிவிடுகிறது. கொக்கியைக் கீழே பிடித்து நிறுத்துவதே தொடையிடைப் பட்டையின் வேலை. ஃபார்முலா 1 பந்தயத்தில் 1972இல் ஆறு முனைப் பட்டை கட்டாயமானது.

உடல் உறுதியாகப் பிணைக்கப்பட்டதும் புதியதொரு சிக்கல் எழுந்தது. நெஞ்சு நின்றுவிட, தலைக்கவசத்தின் எடையோடு தலை மட்டும் முன்னே பாய்ந்தது. விளைவு, மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்பு முறிவு. அமெரிக்க உயிரியக்கவியல் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும் அவருடைய மைத்துனரான பந்தய ஓட்டுநர் ஜிம் டவுனிங்கும் 1980களில் இதற்கு ஒரு தீர்வை உருவாக்கினர். தோள்பட்டைகளுக்கு அடியில் அமரும் கழுத்துப்பட்டி போன்ற அக்கருவி, குறுவார்களால் தலைக்கவசத்தோடு இணைக்கப்படும். ‘ஹான்ஸ்’ எனப்படும் அதைப் பலர் நெடுங்காலம் ஏற்கவில்லை. 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா பந்தயத்தின் இறுதிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் இறந்தபோது அவர் அக்கருவியை அணிந்திருக்கவில்லை. அவருடைய இடுப்புப்பட்டையின் இடப்பக்கம் அறுந்திருந்ததும் தெரியவந்தது. பட்டை தன் உலோகக் கொக்கியில் ஒரு விளிம்பில் குவிந்து, சுமை சமமாகப் பரவாமல் கிழிந்தது என்று விசாரணை அறிக்கை கூறியது. பொருத்திய முறையே பிழை என்று தயாரிப்பாளர் தரப்பு வாதிட்டது. அவ்வாண்டே நாஸ்கார் அமைப்பும், 2003இல் ஃபார்முலா 1 பந்தயமும் தலை–கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கின.

இந்த வரலாற்றின் பின்னணியில் வைத்துப் படித்தால், சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் பொருத்துதல் விதிகள் வறட்டு விதிகளாகத் தோன்றா. இடுப்புப்பட்டை வயிற்றின்மேல் அன்றி இடுப்பெலும்புக்கும் தொடைக்கும் இடைப்பட்ட மடிப்பில் அழுந்த வேண்டும். தோள்பட்டைகள் பின்னோக்கிச் செல்கையில் கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்கு மேல் சரியக் கூடாது. 10 பாகைக்குள் அமைவது நலம். இருக்கைக்குப் பின்னே தரையில் செங்குத்தாகக் கட்டினால், மோதலில் அவை தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். பட்டைகளை இருக்கையிலோ அதன் தாங்கியிலோ பிணைக்கக் கூடாது. காரின் உடற்கூட்டிலோ கூண்டிலோதான் பிணைக்க வேண்டும். புதிதாகத் துளையிடும் ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது 40 சதுர செ.மீ. பரப்பும் 3 மி.மீ. தடிமனும் கொண்ட எஃகுத் தகடு வேண்டும். இல்லையேல் போல்ட் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கூரிய விளிம்பில் பட்டை உரசக் கூடாது. காலாவதி நாள் கடந்ததையும், பெருமோதலைச் சந்தித்ததையும் மாற்றியாக வேண்டும். வெயிலும் உராய்வும் நூலிழையை நலியச் செய்வது கண்ணுக்குத் தெரிவதில்லை.

சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு வருவோம். 1959இல் வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனைப் பட்டை, காற்றுப்பை, சாயும் இருக்கை, கூரை ஆகியவை இன்று ஒன்றையொன்று கருதியே அமைக்கப்படுகின்றன. அதை நீக்கிவிட்டு நான்கு முனைப் பட்டையை மாட்டும்போது அந்தக் கூட்டமைப்பு குலைகிறது. சாதாரண இருக்கையில் தொடையிடைப் பட்டைக்குத் துளை இல்லை. ஆகவே சப்மரைனிங்கைத் தடுக்கும் தனி அமைப்பு இல்லாத நான்கு முனைப் பட்டையை அணிபவர், மோன்சாவில் ரிண்ட் அமர்ந்திருந்த அதே நிலையில்தான் அமர்ந்திருக்கிறார். கார் உருண்டு கூரை நசுங்கினால், நிமிர்த்திக் கட்டப்பட்ட உடலுக்கு ஒதுங்க இடமில்லை. அதனால்தான் எஃகுக் கூண்டு முதலிலும் பட்டை அதன் பிறகும் வர வேண்டும். துளையுள்ள பந்தய இருக்கை, கூண்டு, ஆறு முனைப் பட்டை, தலைக்கவசம், ஹான்ஸ் ஆகிய ஐந்தும் சேர்ந்தே ஓர் அமைப்பு. அது பந்தயத் தடத்துக்கு உரியது. சாலைப் பயணத்துக்குத் தயாரிப்பாளர் பொருத்தித் தந்த பட்டையே உகந்தது.

2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ரொமைன் குரோஜானின் கார் தடுப்புவேலியைத் துளைத்து, இரண்டாகப் பிளந்து, தீப்பிழம்பானது. அவர் தாங்கிய அதிர்ச்சி புவியீர்ப்பின் 67 மடங்கு. பட்டையும் ஹான்ஸும் உடலைக் காத்தன. தலைக்குமேல் இருந்த ‘ஹேலோ’ வளைவு தலையைக் காத்தது. தீத்தடுப்பு உடை சில நொடிகளை ஈட்டித் தந்தது. நினைவு தவறாததால் தாமே பட்டையைக் கழற்றி, அரை நிமிடத்திற்குள் நெருப்பிலிருந்து வெளியேறினார். கைகளில் தீக்காயம் மட்டுமே மிஞ்சியது.

கட்டுண்டால் எரிந்துவிடுவோம் என்ற ரிண்ட் தலைமுறையின் அச்சத்துக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை அது. அந்த விடையில் பட்டை ஒரு சொல் மட்டுமே. முழு வாக்கியத்தையும் பிற காப்புகளோடு சேர்த்தே எழுத வேண்டியிருந்தது. கடையில் தொங்கும் சிவப்புப் பட்டையை விலை கேட்கும் முன், அதன் ஒவ்வொரு முனையும் தம் காரில் எங்கே பிணைக்கப்படும் என்ற கேள்வியை நண்பர்கள் கேட்டுக்கொள்வார்களாக.