லெட்டியின் பண்ணையும் மண்ணுக்குள் கிடந்த பேரேடும்

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வடஇந்தியாவினின்று மேற்கே புறப்பட்டு, பாரசீகத்தையும் ஆர்மீனியாவையும் கடந்து ஐரோப்பாவை அடைந்த ரோமா ஜனங்கள், வழியெல்லாம் பற்பல தேசங்களின் சொற்களைத் தங்கள் பாஷையில் ஏற்றுக்கொண்ட பிறகும், மனிதனைக் குறிக்க இன்றளவும் 'மனுஷ்' என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுத் திண்ணையிலும் புழங்குகிற அந்தச் சொல் ஒன்றுக்காகவே, அவர்களுக்கு நேர்ந்ததை அயலார் கதையென்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை.

நாஜிகளின் ஆட்சியிலும் அவர்களுக்குத் துணைநின்ற அரசுகளின் ஆட்சியிலும் மாண்ட ரோமா மக்கள், அவர்களின் கிளையினரான சிந்தி மக்கள் ஆகியோரின் தொகையைச் சரித்திர ஆசிரியர்கள் 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை என்று கணிக்கிறார்கள். இதைப் பிள்ளைகளுக்குப் போதிக்கிறவர் விஷவாயு அறையிலிருந்து தொடங்குவாரானால், எங்கோ சில அரக்கர்கள் செய்த காரியம் என்று அவர்கள் எண்ணிக்கொள்ளக்கூடும். ஓர் அடையாள அட்டையிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் அபிப்பிராயம்.

அந்த அட்டையை விதித்தது ஹிட்லர் அல்ல. மசாரிக் என்னும் தத்துவஞானி ஜனாதிபதியாக வீற்றிருந்த செக்கோஸ்லோவாகியக் குடியரசே, 1927இல், ஊர் ஊராகத் திரியும் ஜிப்ஸிகளைப் பற்றி (ரோமா மக்களை அயலார் அழைத்த பெயர் அது) ஒரு சட்டம் இயற்றி, 14 வயது கடந்தவர்களின் கைரேகையும் அங்க அடையாளமும் பதிந்த தனி அட்டையை அவர்கள் சுமக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. சட்டத்தை இயற்றியவர்கள் கொலையை நினைத்தவர்கள் அல்லர். ஆனால் ஒரு ஜனசமூகத்தை அதன் வாழ்க்கை முறையைக் கொண்டே சந்தேகத்துக்குரியதென்று ஏட்டில் எழுதி வைத்துவிட்டால், பின்னால் வருகிற எஜமானன் எவனாயினும் அவனுக்கு அந்த ஏட்டைப் புரட்டுவதே போதுமானதாகிவிடுகிறது.

ஹிட்லரின் உருவில் அப்படி ஒரு எஜமானன் வந்தான். செக் நாட்டின் பொஹீமியாப் பிரதேசத்தின் தென்பகுதியில், பீசெக் பட்டணத்துக்கு அருகே லெட்டி என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1940இல் திறக்கப்பட்ட தண்டனை முகாம், 1942 ஆகஸ்டு மாதத்தில் ஜிப்ஸி முகாமாக மாற்றப்பட்டு, சுமார் 1,300 பேர் குடும்பம் குடும்பமாக அதற்குள் அடைக்கப்பட்டனர். ஆண்களும் பெண்களும் கல்லுடைத்தார்கள், சாலை போட்டார்கள். பசியும் குளிரும் போதாவென்று டைபஸ் ஜுரமும் சேர்ந்துகொள்ள, 300க்கு மேற்பட்டோர் அங்கேயே உயிர் நீத்தனர். அவர்களில் கைக்குழந்தைகள் பலர். எஞ்சியவர்களில் 500க்கு மேற்பட்டோர் ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றப்பட்டனர். முகாமைக் காவல் காத்தவர்கள் ஜெர்மானியர் அல்லர், செக் போலீஸார் என்பதே, போருக்குப் பின் அந்நாட்டார் இந்த விஷயத்தைப் பேசத் தயங்கியதற்குப் பெருங்காரணம் என்று தோன்றுகிறது. பொஹீமியா, மொரேவியா பிரதேசங்களில் போருக்குமுன் வாழ்ந்த சுமார் 6,500 ரோமா மக்களில் உயிரோடு திரும்பியவர்கள் 600 பேருக்கும் குறைவு.

லெட்டி முகாம் இருந்த மண்ணின்மேல் 1970களில் ஒரு பெரிய பன்றிப் பண்ணை எழும்பிற்று. கம்யூனிஸ்டு ஆட்சி வீழ்ந்து, பழைய ஆவணங்கள் வெளிச்சத்துக்கு வந்து, 1995 மே மாதத்தில் ஜனாதிபதி வாட்ஸ்லாவ் ஹாவெல் நேரில் வந்து, புதைகுழிகளின் அருகே நினைவுக்கல் ஒன்றைத் திறந்துவைத்த பிறகும் பண்ணை அசையவில்லை. வருஷந்தோறும் மே மாதத்தில் மலர்வளையம் எடுத்துவந்த முதியவர்கள், காற்று அந்தத் திசையிலிருந்து அடித்தால், பன்றிக்கொட்டிலின் துர்நாற்றத்தினூடே நின்றுகொண்டுதான் தங்கள் உடன்பிறந்தாரை நினைக்க வேண்டியிருந்தது. இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. பணம் இல்லை என்றும், வியாபாரம் கெடும் என்றும் காரணங்கள் சொல்லப்பட்டே ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழிந்தது. செனெக் ரூஷிச்கா என்பவர், லெட்டியில் தம் முதற்குழந்தையைப் பறிகொடுத்த தாயின் வயிற்றில் போருக்குப் பின் பிறந்தவர். உயிர் தப்பியோரையும் அவர்கள் சந்ததியாரையும் ஒன்றுசேர்த்துச் சலியாமல் மன்றாடியவர். ஒருவழியாக அரசாங்கம் சுமார் 45 கோடி கொருனா கொடுத்துப் பண்ணையை விலைக்கு வாங்கி, புர்னோ நகரத்து ரோமா கலாசார அருங்காட்சியகத்தின் வசம் ஒப்படைத்தது. 2022ஆம் வருஷம் இடிப்பு வேலை தொடங்கியது. அந்த வருஷம் டிசம்பரில் ரூஷிச்கா காலமானார். ஞாபகார்த்த ஸ்தலம் திறக்கப்பட்டதோ 2024இல்.

லெட்டியிலிருந்து ரயிலேறியவர்கள் ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனவ்வில் இறங்கியதும், அங்கும் ஒரு பேரேடு அவர்களுக்காகக் காத்திருந்தது. ஆனால் அந்தப் பேரேட்டுக்கு வேறொரு விதி அமைந்தது. 1944 கோடையில், அங்கிருந்த ஜிப்ஸி முகாமின் முடிவு நெருங்குவதை உணர்ந்த யொவாகிமோவ்ஸ்கி என்னும் போலந்துக் கைதி, குமாஸ்தா வேலை பார்த்துவந்தவர், ஆண்களின் ஏட்டையும் பெண்களின் ஏட்டையும் திருடி, துணியில் சுற்றி, ஒரு வாளியில் இட்டு, தோழர்கள் இருவருடைய ஒத்தாசையோடு மண்ணில் புதைத்தார். ஆகஸ்டு 2ஆம் தேதி இரவு, முகாமில் மிச்சமிருந்த சுமார் 4,300 பேரும் விஷவாயுவுக்கு இரையாயினர். அந்தத் தேதியையே 2015இல் ஐரோப்பியப் பாராளுமன்றம் ரோமா இனப்படுகொலையின் நினைவு நாளாக அங்கீகரித்தது. புதைத்த வாளியை 1949 ஜனவரியில் தோண்டி எடுத்தார்கள். கொல்வதற்கென்று எழுதப்பட்ட 20,943 பெயர்கள், எவரெவர் வாழ்ந்தார்கள் என்பதற்கு அத்தாட்சியாக அதில் இருந்தன. நாலரை வருஷம் நிலத்தடி ஈரம் அரித்த பக்கங்களில் சில பெயர்களைப் படிக்க முடியவில்லை.