540 எடுத்தவரை 510 எடுத்தவர் முந்துவது எப்படி? ப்ளஸ் டூ மார்க்கின் கணக்கு!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, 'டோட்டல் எவ்வளவு?' ஆனா, காலேஜ் சீட்டை முடிவு பண்றது பெரும்பாலும் அந்த 600-க்கான டோட்டல் இல்லை.

இன்ஜினீயரிங்: 2007 முதல் தமிழக கவுன்சலிங்குக்கு நுழைவுத்தேர்வு கிடையாது, ப்ளஸ் டூ மார்க்தான். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200-க்கு கட்-ஆஃப். ஒருவர் 540 எடுத்து, கணிதத்தில் 80, மற்ற இரண்டிலும் தலா 85 என்றால் கட்-ஆஃப் 165. இன்னொருவர் 510-தான், ஆனா கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 90 என்றால் 181! கணிதத்தில் ஒரு மார்க் போனா கட்-ஆஃபில் முழுசா ஒண்ணு போகும். இயற்பியல், வேதியியலில் அரைதான். கட்-ஆஃப் சமமானாலும் முதலில் பார்ப்பது கணித மார்க்கைத்தான்.

கலை, அறிவியல்: அரசுக் கல்லூரிகளில் மொழிப்பாடங்கள் தவிர்த்த நான்கு பாடங்களின் 400 மார்க்குக்குத் தரவரிசை. பி.ஏ தமிழ், ஆங்கிலம் என்றால் அந்த மொழியின் மார்க்.

மருத்துவம்: நீட் ரேங்க்தான் எல்லாம். இயற்பியல், வேதியியல், உயிரியலில் பொதுப்பிரிவினருக்கு 50%, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40% இருந்தா போதும்.

அரசுப்பள்ளியா? 6 முதல் 12 வரை அரசுப்பள்ளியில் படிச்சிருந்தா 7.5% ஒதுக்கீடு உண்டு. 2021-ல் இன்ஜினீயரிங்குக்கும் வந்தது. கல்வி, விடுதி, கவுன்சலிங் கட்டணங்களை அரசே ஏத்துக்கும். மண்ணூர், ஒரகடம் பக்கம் கம்பெனி சம்பளத்தை நம்பி இருக்கிற வீடுகளுக்கு இது பெரிய விஷயம். அவசரப்பட்டு மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் பணம் கட்டும் முன் இதைப் பாருங்க.

மார்க் குறைஞ்சா? விடைத்தாள் நகல் வாங்கி, மறுகூட்டல் அல்லது மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஃபெயில் ஆனவங்களுக்குத் துணைத்தேர்வு, அதன்பின் துணைக் கவுன்சலிங் இருக்கு. சயின்ஸ் குரூப் முடிச்சவங்க பாலிடெக்னிக்கில் நேரடியா இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடிச்சு பி.இ-யிலும் நேரடியா இரண்டாம் ஆண்டு.

இப்போ ப்ளஸ் டூ படிக்கிறவங்களுக்கு: தமிழ், ஆங்கிலத்தில் பாஸ் கட்டாயம். அதுக்கு மேல கிடைக்கிற நேரத்தை எந்தப் பாடத்துக்குக் கொடுக்கணும்னு, போகப்போற கோர்ஸை வெச்சு இப்பவே முடிவு பண்ணுங்க!