ஆரா: ஒலி ஒன்று, சொல் இரண்டு

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 2020 ஜனவரியில் ஒரு கார் சந்தைக்கு வந்தது. பெயர் ஆரா. ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் அந்தப் பெயர் தாங்கிய வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கும்பகோணத்துப் பெருமாள் நினைவுக்கு வருகிறார். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

காரின் பெயர் ஆங்கிலச் சொல். ஆங்கிலேயர் வாயில் அது 'ஓரா' என்று ஒலிக்கும். நாம் ஆரா என்கிறோம். ஒருவரைச் சுற்றிப் பரவி நிற்கும் ஈர்ப்பு என்பது இன்றைய பொருள். "அவரோட ஆராவே வேற" என்று இளைஞர்கள் நடிகர்களைப் பற்றிப் பேசுவது இந்தப் பொருளில்தான்.

ஆனால் பிறந்தபோது அந்தச் சொல்லுக்கு ஈர்ப்பும் இல்லை, ஒளியும் இல்லை. கிரேக்க மொழியில் அது வெறும் இளங்காற்று. லத்தீன் கவிஞர் ஓவிட் இதை வைத்து ஒரு கதை சொல்கிறார். வேட்டையாடிக் களைத்த கெஃபாலஸ் மர நிழலில் கிடந்து, "ஆரா, வா, என் வெப்பம் தணி" என்ற பொருள்பட இளங்காற்றைக் கூப்பிடுவான். கேட்ட ஒருவன் அதை ஒரு பெண்ணின் பெயரென்று நினைத்து அவன் மனைவி புரோக்ரிஸிடம் போய்ச் சொல்லிவிட்டான். அவள் புதருக்குள் ஒளிந்து பார்த்தாள். சருகு சலசலத்தது, விலங்கென்று எண்ணி அவன் எறிந்த ஈட்டி அவள் மார்பில் பாய்ந்தது. ஒரு பொதுப்பெயரைச் சிறப்புப்பெயராகக் கேட்டதற்கு ஓர் உயிர் விலை.

காற்று பிறகு பூவிலிருந்து கிளம்பும் மணம் போன்ற நுண்பொருளாகி, 19-ஆம் நூற்றாண்டில் ஆவி நம்பிக்கையாளர்கள் கையில் உடலைச் சுற்றிய ஒளிவட்டமாகியது. ஒற்றைத் தலைவலிக்கும் வலிப்புக்கும் முன்னால் தோன்றும் அறிகுறியை மருத்துவர்கள் இன்றும் ஆரா என்றே சொல்கிறார்கள். ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1936-இல் வெளியான கட்டுரையில், ஒரு கலைப்பொருளின் தனித்தன்மைதான் அதன் ஆரா, இயந்திரம் படியெடுக்கப் படியெடுக்க அது வாடிவிடும் என்றார்.

இனி நம் ஆரா. ஆர்தல் என்றால் நிறைதல். உண்ணுதல், பருகுதல் என்றும் பொருள். வயிறாரச் சாப்பிட்டேன், கண்ணாரக் கண்டேன், மனதார வாழ்த்தினேன் என்று தினமும் அதைப் பேச்சில் புழங்குகிறோம். அதன் எதிர்மறை ஆராத. கடைசி எழுத்து கெட்டால் ஆரா: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஓடாக் குதிரை, வாடா மலர் போல. பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: ஆராக் காதல். உயிரெழுத்து வந்தால் வகரம் உடம்படும்: ஆரா + அமுது, ஆராவமுது. பருகப் பருக நிறைவு தராத அமுது. கும்பகோணம் சாரங்கபாணிப் பெருமாளுக்கு ஆராவமுதன் என்று பெயர்.

அந்தப் பெருமாள் மீது நம்மாழ்வார் பாடிய பத்துப் பாசுரங்களைக் காட்டுமன்னார்கோயிலில் வழிப்போக்கர்கள் பாட, வைணவ ஆசாரியர் நாதமுனிகள் கேட்டார். ஆயிரத்தில் இவை பத்து என்று பாட்டிலேயே இருக்க, மீதியைத் தேடிப் புறப்பட்டார். நாலாயிரத் திவ்யப் பிரபந்தம் கிடைத்தது அப்படித்தான் என்கிறது வைணவ மரபு. கேட்ட பத்தோடு காது நிறையவில்லை. ஆரா என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியவில்லை. நாதமுனிகள் வழியில் வந்த ராமானுசர் 1017-இல் பிறந்தது, கார் ஆலைக்குப் பக்கத்து ஊரான ஸ்ரீபெரும்புதூரில்.

இரண்டு சொல்லும் ஒரே வேர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒலி தற்செயலாகப் பொருந்தியிருக்கிறது, அவ்வளவே. இலக்கணமே வேறு: ஆங்கிலத்தில் அது பெயர்ச்சொல், தனியே நிற்கும். தமிழில் அது எச்சம், ஒரு பெயரைத் தேடி நிற்கும். ஆங்கில ஆரா கவர்கிறவரைச் சுற்றிய வட்டத்தைப் பேசுகிறது. தமிழ் ஆரா பார்க்கிறவரின் நிறையாத கண்ணைப் பேசுகிறது. கவர்ச்சி என்ற சொல்லில் கவர்தல், அதாவது பறித்தல் இருக்கிறது. வசீகரத்தில் வசப்படுத்துதல் இருக்கிறது. தமிழ் ஆராவில் யாரும் யாரையும் பிடிக்கவில்லை. அழகைச் சொல்ல எனக்கு அதுவே உயர்ந்த சொல்.

ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு ஆராவமுதன் என்று பெயர் வைப்பவர்கள் இடையின ரகரமே போடுங்கள். வல்லின றகரம் விழுந்தால் அது ஆறாப் புண்ணின் ஆறா ஆகிவிடும்.