மூலப் பொறியும் போன்மியும்: ஒரு விளையாட்டுப் பலகையின் வரலாறு

ஒரு நூலின் மூலம் யாது, படி யாது என்னும் வினா ஏட்டுச்சுவடிகளோடு பழகினார்க்குப் புதியதன்று. சங்கப் பாடல்களுள் ஒன்றற்கேனும் ஆசிரியன் தன் கைப்பட வரைந்த ஏடு இன்று இல்லை. நமக்குக் கிடைத்தன எல்லாம் படிக்குப் படியாக எடுக்கப்பட்டவையே. இவ்வினா இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் கூற்றில், யாரும் எதிர்பாராத ஒரு துறையில், அஃதாவது காசு இட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பொறிகளின் துறையில், மீண்டும் எழுந்துள்ளது. பழைய விளையாட்டுகளை அவற்றிற்கென அமைந்த பொறியிலேயே ஆடுதல் வேண்டும் என்பார் ஒரு திறத்தார். அப்பொறியைப் போல நடந்துகொள்ளும் நிரல் ஒன்றை இற்றைக் கணிப்பொறியில் இட்டு, அதன் வாயிலாக ஆடினும் அமையும் என்பார் மற்றொரு திறத்தார். இவ்வழக்கினைப் பொதுவகையாற் பேசுதலினும் ஒரு பொறியின் வரலாற்றைக் கொண்டு ஆராய்தல் பயனுடைத்து என்று கருதுகின்றோம். யாம் எடுத்துக்கொண்டது, ஜப்பான் நாட்டுக் காப்காம் நிறுவனத்தார் 1993-இல் வெளியிட்ட சி.பி.எஸ்.-2 என்னும் விளையாட்டுப் பலகையாகும்.

முதற்கண் பெயர் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். எமுலேட்டர் என்னும் சொல் விளையாட்டுத் துறையிற் பிறந்ததன்று. 1963-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார், பழைய கணிப்பொறிகளுக்கென எழுதப்பட்ட நிரல்கள் தம் புதிய சிஸ்டம் 360 வரிசையிலும் மாற்றமின்றி இயங்குதற்குக் கண்ட அமைப்பிற்கு இப்பெயரை இட்டனர். கணக்கு நிரல்களை மீண்டும் முதலிலிருந்து எழுத வணிகர்கள் விரும்பாமையே அதற்குக் காரணம். இதனை ஈண்டுப் போன்மி என்று வழங்குவோம். போலி என்று கூறாமைக்கும் காரணம் உண்டு. இலக்கண நூலார் வழக்கில் போலி இழிசொல் அன்று. அறம் என்பதன் இடத்து அறன் என நிற்பினும் பொருள் திரியாமையின் அதனைக் கடைப்போலி என்றனர். உலக வழக்கிலோ அச்சொல் பொய்ம்மையை உணர்த்தும். மூலப் பொறியை விரும்புவாருட் சிலர் போன்மியை இவ்வுலக வழக்குப் பொருளிலேயே போலி என இகழ்வர். அவ்விகழ்ச்சி பொருந்துமா என்பதே ஆராயற்பாலது.

மூலம் என்று நாம் சுட்டுவதுதான் யாது? 1972-இல் அட்டாரி நிறுவனத்திற்காக ஆலன் ஆல்கார்ன் அமைத்த பாங் என்னும் பந்தாட்டத்தில் நிரல் என்பதே இல்லை. மின்சுற்றுகளின் இணைப்பே அவ்விளையாட்டு. ஆகலின் அதற்குப் போன்மி ஆக்குவார், படிப்பதற்கு ஒரு வரியும் இன்றிச் சுற்றுகளையே ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு நடத்தல் வேண்டும்.

1978-இல் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இன்னும் நுட்பமான சான்று. அதனை ஆக்கியவர் டொமொஹிரோ நிஷிகாடோ. வானிலிருந்து இறங்கும் பகையுருவங்கள் ஐம்பத்தைந்து. விநாடிக்கு அறுபது காட்சிகள் தோன்றும் திரையில், காட்சிக்கு ஓர் உருவமே இடம்பெயரும். எனவே படை முழுதும் ஓரடி நகர ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். உருவங்கள் சுடப்பட்டுக் குறையக் குறைய எஞ்சியவை விரையும். இறுதியில் நிற்கும் ஒன்று பாய்ந்தோடும். இவ்விரைவு பொறியின் ஆற்றற் குறைவால் தானே அமைந்தது. நிஷிகாடோ அதனைக் கண்டு, ஆட்டத்திற்குச் சுவை கூட்டுதலின், நீக்காது விடுத்தார். குறையே அழகாயிற்று என்க. இனி, அதன் திரை கறுப்பு வெள்ளைத் திரையே. ஆடுவோர் கண்ட நிறங்கள், திரைமேல் ஒட்டிய வண்ணத் தாள் வரிகளால் வந்தவை. சில வகைப் பெட்டிகளில் திரை கீழே கிடக்க, அதன் நிழல் ஒரு கண்ணாடியில் தெறித்து, நிலவுலகம் தீட்டிய ஓவியத்தின் மேல் மிதப்பது போலத் தோன்றும். ஒலிகளும் தனிச் சுற்றுகளிற் பிறந்தவை. எனவே நினைவகச் சில்லுகளைப் படித்து நிரலை மட்டும் எடுத்தார்க்கு நிறமும் இல்லை, நிலவும் இல்லை, ஒலியும் இல்லை. போன்மியார் நெடுங்காலம் அவ்வொலிகளைப் பதிவு செய்து இணைத்தே வந்தனர். மூலப் பொறியினர் கூறும் குறைகளுள் இஃது ஒன்று, மறுத்தற்கு இயலாதது.

இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 1997 பிப்ரவரியில் வெளியிட்ட மேம் என்னும் போன்மி, பல பொறிகளை ஒரே நிரலுள் அடக்க முயன்றது. பொறிகள் எவ்வாறு இயங்கின என்பதை எழுதிவைத்தலே தம் நோக்கம் என்றும், விளையாட்டு ஆடத்தக்கதாக இருப்பது அவ்வெழுத்துச் சரியானது என்பதற்குச் சான்று என்றும் மேம் குழுவினர் கூறிவந்துள்ளனர். இக்கூற்றை முதலில் யாமும் ஒரு சாக்குப்போக்கு என்றே எண்ணினோம். சி.பி.எஸ்.-2 வரலாறு அவ்வெண்ணத்தை மாற்றிற்று.

காப்காம் நிறுவனத்தின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்னும் சண்டை விளையாட்டு 1991-இல் வெளிவந்து பெரும்புகழ் எய்தியது. புகழோடு களவும் வந்தது. சில்லுகளைப் படியெடுத்துக் கள்ளப் பலகைகள் செய்தனர். விளையாட்டின் விதிகளையே மாற்றிய கள்ளப் பதிப்புகளும் உலவின. இதனைத் தடுத்தற்கே அடுத்த பலகையாகிய சி.பி.எஸ்.-2-இல் புதிய காவல் ஒன்றை அமைத்தனர். மையச் செயலியாகிய மோட்டரோலா 68000-க்குரிய கட்டளைகள் மறைகுறியில் எழுதப்பட்டன. அம்மறையை அவிழ்க்கும் திறவுகோல், மின்சாரம் உள்ளவரையே நினைவு வைத்திருக்கும் ஒருவகை நினைவகத்தில் இருந்தது. அந்நினைவகத்திற்கு மின்சாரம் தருவது பலகையின்மேல் பொருத்திய ஒரு சிறு பாட்டரி. பாட்டரி தீர்ந்தாலும், திறக்க முயல்வார் கையால் இணைப்பு அறுந்தாலும், திறவுகோல் அழியும். அதன்பின் பலகைக்கு மின்சாரம் கொடுத்தால் ஒரே நிறம் பரவிய வெறுந்திரை தோன்றுமேயன்றி வேறொன்றும் நிகழாது. ஆர்வலர் இதனைத் தற்கொலைப் பாட்டரி என்று பெயரிட்டு அழைத்தனர். கடுஞ்சொல்லாயினும் பொருத்தமான சொல்லே.

ஏட்டைச் செல்லரிப்பது இயற்கை. குறித்த காலத்தில் பராமரிப்பு இன்றேல் தானே அழியும் ஏட்டை ஆசிரியனே செய்துவைத்தல் வரலாற்றில் அரிது. மூலப் பொறியே மெய்யானது என்பார், அம்மூலம் தன் அழிவைத் தன்னுள்ளேயே வைத்துப் பிறந்தது என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

மறைகுறி கட்டளைகளை மட்டுமே காத்தது. உருவங்களும் இசையும் சில்லுகளைப் படித்தார்க்கு எட்டின. வீரர் பலரின் ஓவியங்கள் கையில் இருந்தும், அவர்களை நடக்கச் செய்யும் சொல் ஒன்றும் விளங்கவில்லை. இந்நிலை எட்டாண்டுகள் நீடித்தது. 2001 ஜனவரியில் சி.பி.எஸ்.-2 ஷாக் என்னும் குழுவினர் ஒரு வழி கண்டனர். மறையை அவர்கள் உடைக்கவில்லை. உயிருள்ள பலகையையே ஏமாற்றி, அது தனக்குள் அவிழ்த்துக்கொண்ட கட்டளைகளை வெளியே கொணர்ந்தனர். நிறுவனத்திற்கு உரிமையான நிரலைப் பரப்பாமல், மறைந்த வடிவிற்கும் அவிழ்ந்த வடிவிற்கும் உள்ள வேறுபாட்டு அட்டவணையை மட்டுமே வெளியிட்டனர். அதனால் இவ்விளையாட்டுகள் போன்மியில் இயங்கலாயின. ஆயினும் இம்முறைக்கு ஒவ்வொரு விளையாட்டிற்கும் சாகாத பலகை ஒன்று வேண்டும். பலகைகளோ ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த நம் பதிப்பாசிரியர்கள், தாம் செல்லுமுன் ஏடு அடுப்பிற்கோ ஆற்றிற்கோ போயிருக்குமோ என்று அஞ்சிய அச்சத்தை இங்கும் காண்கிறோம்.

இவ்விடத்தில் நிகழ்ந்த ஒன்று மூலபாட ஆய்வாளர்க்குப் பெரிதும் பயன்படும். அவிழ்த்த நிரல் கிடைத்தபின், செத்த பலகைகளை உயிர்ப்பிக்கச் சிலர் முற்பட்டனர். திறவுகோல் இன்றியே இயங்குமாறு நிரலைத் திருத்திப் புதிய சில்லுகளில் எழுதி, மூலப் பலகையிற் பொருத்தினர். ஃபீனிக்ஸ் பதிப்பு என்பது அதன் பெயர். பலகை பழையது, சில்லுகள் பொருந்தும் இடமும் பழையது, ஓடும் பாடமோ திருத்திய பாடம். இடைச்செருகல் என்று நாம் கூறுவது இதனையே. ஆகவே 2001-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் ஒருவர் மூலப் பொறியில் ஆடுகின்றேன் என்று பெருமிதத்தோடு ஆடியது திரிந்த பாடமாகவும், மற்றொருவர் வீட்டுக் கணிப்பொறியில் போன்மி வாயிலாக ஆடியது திரியாப் பாடமாகவும் இருந்திருத்தல் கூடும். பொறி மூலமாக இருப்பதும் பாடம் மூலமாக இருப்பதும் வெவ்வேறு என்பது இதனாற் பெறப்படும். இவ்வழக்கில் வாதிடுவார் பெரும்பாலும் இவ்விரண்டனையும் ஒன்றாகவே கொண்டு மயங்குகின்றனர்.

2007-இல் ஆண்டிரேயாஸ் நாயிவ் என்னும் பெயரினரும், முன்னர்க் குறித்த சால்மோரியாவும் மறைகுறியின் இலக்கணத்தையே கண்டறிந்தனர். கட்டளை நிற்கும் முகவரியும் அம்மறையிற் கலந்திருந்தது என்பதும், ஒரே கட்டளை இடத்திற்கேற்ப வெவ்வேறு வடிவம் பெற்றது அதனால் என்பதும் அதன்பின் விளங்கின. இனி அட்டவணை வேண்டா. திறவுகோல் தெரிந்தால் மறைந்த பாடத்தை உள்ளவாறே இட்டு, பொறி அவிழ்த்தவாறே போன்மியும் அவிழ்க்கலாம்.

பாடம் இவ்வாறு காக்கப்பட்டது. தோற்றமோ வேறு சிக்கல். இதில் மூலப் பொறியினர் பக்கம் வலிவு உண்டு. சி.பி.எஸ்.-2 தரும் படம் குறுக்கே 384, நெடுக்கே 224 புள்ளிகள் கொண்டது. அதனைப் படக்குழாய்த் திரை நான்கிற்கு மூன்று என்னும் அளவில் காட்டும். புள்ளி ஒவ்வொன்றையும் சதுரமாக வைத்துக் காட்டும் இற்றைத் திரையில் அதே படம் அகன்றுவிடும். ஆடவரும் மகளிரும் பருத்துத் தோன்றுவர். அளவை அறியாது போன்மியை அமைத்த ஒருவர், வீரனின் தோளகலம் ஓவியன் கருதியது என்று எழுதினால் அது பிழையாய் முடியும். மேலும் பலகை விநாடிக்கு 59.63 காட்சிகள் தரும். இற்றைத் திரை பெரும்பாலும் 60. இவ்விரண்டும் ஒவ்வாமையின் மூன்று விநாடிக்குள் ஒருமுறை ஒரு காட்சி தட்டும், அல்லது ஆட்டம் இம்மி அளவு விரையும். பொத்தானை அழுத்துதற்கும் திரையில் அடி விழுதற்கும் இடையே ஏற்படும் தாழ்ச்சியும் போன்மியில் மிகும். காட்சி ஒன்றின் காலம் விநாடியில் அறுபதில் ஒரு கூறே. சண்டை விளையாட்டில் தேர்ந்தார்க்கு அத்தகைய இரண்டு மூன்று கூறுகள் வெற்றி தோல்வியை வேறாக்கும். பயின்ற விரல் இதனை உணரும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இக்குறைகளை நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் திரையைச் சார்ந்தவை. சோனி நிறுவனத்தார் 1968-இல் தொடங்கிய டிரினிட்ரான் படக்குழாய்களின் ஆக்கம் 2008-இல் நின்றது. பழைய பலகையை வைத்திருப்பாரும் பழைய குழாய் தேய்ந்தபின் புதிய திரைக்கே வருதல் வேண்டும். அப்போது அளவும் தாழ்ச்சியும் அவர்க்கும் சிக்கலாகும்.

சட்டநிலையை விரித்தல் ஈண்டு வேண்டா. சோனி நிறுவனத்திற்கும் கனெக்டிக்ஸ் நிறுவனத்திற்கும் நிகழ்ந்த வழக்கில் 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், போன்மி ஆக்குதற்பொருட்டு இடையே படியெடுத்து ஆராய்தல் முறையான பயன்பாடே என்றது. விளையாட்டு நிரலின் உரிமை வேறு. அஃது உரியவரிடமே உள்ளது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 கடைகளிற் கிடைப்பதில்லை என்று வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவனம் 2023-இல் கணித்தது. காப்காம் நிறுவனமே 2022-இல் சி.பி.எஸ்.-2 விளையாட்டுகள் பலவற்றைத் தொகுத்து இற்றைக் கருவிகளுக்கு விற்றது. அத்தொகுப்பு இயங்குவதும் போன்மி முறையிலேயே. பூட்டிய கை திறந்த கையின் முறையைக் கைக்கொண்டது என்னலாம்.

முடிவாக 2016-இல் நிகழ்ந்தது. எடுவார்டோ குரூஸ் முதலிய ஆய்வாளர் மூவர், பலகையின் காவற் சில்லிற்குள் தொழிற்சாலையில் திறவுகோலை முதன்முதல் எவ்வாறு எழுதினர் என்பதைக் கண்டறிந்து வெளியிட்டனர். செத்த பலகையைத் திருத்திய பாடம் இன்றி, சில்லு ஒன்றையும் மாற்றாமல், பிறந்த நாளில் இருந்த நிலைக்கே மீட்கும் வழி அதனாற் பிறந்தது. ஒரு சிறு கணிப்பொறித் தகட்டைப் பலகையின் இணைப்பில் மாட்டித் திறவுகோலைச் செலுத்தினால், வெறுந்திரை நீங்கி மறைந்த பாடம் மறைந்தவாறே ஓடும். செலுத்துதற்குரிய திறவுகோல் யாது என்பதோ செத்த பலகையில் இல்லை. மறையை ஆராய்ந்தாரிடமும் போன்மியின் ஏடுகளிலும் இருந்தது. இன்று சிலர், மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் திறவுகோலைப் புதிதாக எழுதும் சிறு சில்லைப் பலகையிலேயே பொருத்திவிடுகின்றனர். அப்பலகைகளில் பாட்டரி இருந்த இடம் வெறுமையாக உள்ளது.