பட்டம் வாங்காமல் போன மாணவர்



இங்கே பெரும்பாக்கத்தில் எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தில் பேசும்படி கேட்டிருந்தார்கள். தலைப்பு, "ஒவ்வொரு நாளையும் நிறைவாக வாழ்வது". அங்கே பேசியதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பதிவு நீளம்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து படியுங்கள்.

பேசத் தொடங்கும் முன் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "உங்கள் மனதுக்குப் பிடித்த நல்ல காரியம் ஒன்றை ஏன் இன்னும் தொடங்கவில்லை?" ஒருவன் வீட்டுக்கடன் முடியட்டும் என்றான். ஒரு பெண் வெளிநாட்டு வேலை கிடைத்த பிறகு என்றாள். இன்னொருவன் கல்யாணம் ஆகி செட்டில் ஆகட்டும் சார் என்றான். எல்லாரும் இருபதுகளில் இருப்பவர்கள். சோழிங்கநல்லூர் பக்கம் வேலைக்குப் போய் இரவு ஒன்பது மணிக்குத் திரும்புகிறவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பிள்ளைகளில் ஒருவருடைய கதையைத்தான் சொன்னேன்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874 ஆகஸ்ட் 17 அன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர். தந்தை கிராமத்துச் சபையின் குருவானவர். அவர் சீக்கிரமே இறந்துபோக, தாய் எல்லன் அம்மாள்தான் பிள்ளையை உருவாக்கினார். ஊர்ப்பக்கப் பள்ளிகளில் படித்து, பட்டப் படிப்புக்குச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. கணிதம் படித்தார். தேர்வு நேரத்தில் உடம்புக்கு முடியாமல் போயிற்று. பி.ஏ. பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டு வெளியே வந்தார்.

அந்தக் காலத்தில் பி.ஏ. என்பது வெறும் இரண்டு எழுத்து இல்லை. சர்க்கார் வேலை, மரியாதை, நல்ல சம்பந்தம் எல்லாம் அதைத் தொட்டுத்தான் நின்றன. தந்தை இல்லாத வீட்டுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று நினைத்துப் பாருங்கள்.

அவர் உட்கார்ந்துவிடவில்லை. 1895-இல், ஏறக்குறைய 21 வயதில், ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக வேலைக்குச் சேர்ந்தார். தென்னிந்தியா முழுவதும் பயணம், இளைஞர் கூட்டங்கள், வேதபாட வகுப்புகள். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஷெர்வுட் எட்டி அந்த வேலையில்தான் உயிர் நண்பரானார். 1898-இல் கல்லூரிக் கல்வி பெற்ற அன்பு மரியம்மாளை மணந்தார். வரதட்சணை வாங்கவில்லை, ஆடம்பரமும் இல்லை. வாலிபர்களே, இந்த வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

1902-இல் யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் தாங்களே சங்கம் வைத்து ஊழியம் நடத்திவந்தார்கள். அதைப் பார்த்தபோது அவருக்கு உறைத்தது. திருநெல்வேலிச் சபைகள் எண்ணிக்கையில் எவ்வளவோ பெரியவை. நாம் ஏன் இன்னும் கையேந்துகிறோம் என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. சில மாதங்களில், 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 28. பட்டம் இல்லை, குருப்பட்டமும் இல்லை. 1905 கிறிஸ்துமஸ் அன்று வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் பிறந்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த மாதிரிச் சங்கங்கள் எதனால் நின்றன? தெற்கத்திச் சபைகளில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம். சோறு பொங்க அரிசி அளக்கும்போதே ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். மீந்ததைக் கொடுப்பதில்லை அது, உலை வைக்கும் முன்பே எடுத்து வைப்பது. நிறைவாக வாழ்வது என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டபோது இதைத்தான் சொன்னேன். நாளின் தொடக்கத்திலேயே ஒரு பிடி நேரத்தை எடுத்து வைத்துவிட வேண்டும். இரவு மீதியிருந்தால் பார்க்கலாம் என்றால் ஒருநாளும் மீதியிருக்காது.

1909-இல் இன்னும் கடினமான முடிவு. நாடு அறிந்த சங்கத்தின் செயலாளர் பொறுப்பை விட்டு, குருப்பட்டம் பெற்று, நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கலுக்குப் போனார். 35 வயதில் தெலுங்கு கற்றுக்கொண்டார். அங்கே சபைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட, நிலமற்ற ஏழை மக்கள். 1910-இல் எடின்பரோ உலக மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகள் முன் நின்று, தியாகம் செய்கிறீர்கள், நன்றி, ஆனால் எங்களுக்கு வேண்டியது நட்பு என்ற கருத்தை நேருக்கு நேர் சொன்னார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். ஆங்கிலேயர் பலர் எதிர்த்தார்கள். நம் நெல்லைக் கிறிஸ்தவர்களிலும் சிலர் முணுமுணுத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பின்னாளில் மதமாற்றம் பற்றிக் காந்தியடிகளோடும் அவருக்குக் கருத்து வேறுபாடு இருந்தது. வரலாற்றை ஒருபக்கமாகப் படிக்கக் கூடாது என்று வகுப்பில் சொன்னவன் நான், அதனால் இதையும் எழுதுகிறேன்.

1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

இப்போது நம் ஊர்ப்பக்கம் வருவோம். மேடவாக்கம், சேலையூர் வழியாகத் தாம்பரம் போகிறவர்களுக்கு எம்.சி.சி. வளாகம் தெரியும். கல்லூரி அங்கே மாறியது 1937-இல். மறு ஆண்டு டிசம்பரில் அதே வளாகத்தில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து சுமார் 470 பேர். ஐரோப்பாவில் போர் மேகம் சூழ்ந்திருந்த நேரம். விருந்து கொடுத்த இந்தியச் சபைகளின் தேசியப் பேரவைக்குத் தலைவர், 64 வயது அசரியா. பட்டம் வாங்காமல் போன மாணவர் தன் கல்லூரியில் உலகத்தை வரவேற்றார்! 1945 புத்தாண்டு அன்று தோர்ணக்கலில் காலமானார்.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரியர் வைத்திருக்கும் பேரப்பிள்ளைகள் இதைச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்! வேலை, கடன், குடும்பம் எல்லாம் நிஜம். அசரியாவுக்கும் அவை இருந்தன. ஆனால் எல்லாம் சரியான பிறகு தொடங்கலாம் என்று அவர் காத்திருந்தால், 28 வயதில் ஒரு சங்கம் பிறந்திருக்காது. நாளைய கவலையை நாளைக்கு விடச் சொன்ன இயேசுவின் மலைப்பிரசங்கத்தை அவர் பிரசங்கித்ததோடு, அன்றன்றைக்கு வாழ்ந்தும் பார்த்தார். மற்ற மதத்து மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களும் இதையே வேறு சொற்களில் சொல்லியிருப்பார்கள்.

பேச்சு முடிந்ததும், கடன் முடியட்டும் என்ற அந்தப் பையன் அருகில் வந்தான். எங்கள் குடியிருப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லித் தரலாமா சார் என்று கேட்டான். இந்தச் சனிக்கிழமையே வா, நாற்காலி நான் போடுகிறேன் என்றேன்.

நீங்கள் தள்ளிப்போட்டிருக்கும் காரியம் எது என்று கீழே எழுதுங்கள். எல்லாருக்கும் பதில் போடுவேன். எழுத்துப்பிழை இருந்தால் வழக்கம்போல் திருத்தவும் செய்வேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்,
பெரும்பாக்கம்.