55-க்குக் கீழே

கோடம்பாக்கம் பக்கத்து ஸ்டூடியோக்களில் கீபோர்டு ப்ரோகிராமிங் பார்த்த எங்கள் தலைமுறைக்குச் சில எண்கள் சொந்த வீட்டு போன் நம்பரைவிட நன்றாக மனப்பாடம். டபுள் பாஸ் 28, செல்லோ 36, வயோலா 48, வயலின் 55. அந்தந்த வாத்தியத்தின் அடி ஸ்வரம் மிடி கணக்கில் நிற்கும் இடம் அது. 61 கட்டை கீபோர்டு 36-இல் தொடங்கி 96-இல் முடிகிறது. ஆக, செல்லோவின் அடி ஸ்வரம் இடது ஓரத்துக் கட்டையில் கச்சிதமாக உட்காரும். டபுள் பாஸ் கீபோர்டுக்கு வெளியே விழும். வயலினுக்கோ இடப்பக்கம் 19 கட்டைகள் வேலையில்லாமல் கிடக்கும். அந்த 19 கட்டைகளை என்ன செய்வது என்பதற்கு ஒரு தனி வரலாறே உண்டு.

மிடி 1983-இல் வந்தது. அந்த ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வியாபாரக் கண்காட்சியில் ப்ராஃபெட்-600-ஐயும் ரோலண்ட் ஜூபிட்டர்-6-ஐயும் கேபிள் போட்டு இணைத்துக் காட்டினார்கள். டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இகுடாரோ ககேஹாஷியும் முன்னின்று செய்த ஏற்பாடு. ஸ்வரங்களுக்கு 0 முதல் 127 வரை எண். நடு ஸி 60. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அமுக்கினார்கள் என்பது கேபிளில் போகும். மறுமுனையில் இருப்பது வயலினா ட்ரம்பெட்டா, அதில் அந்த ஸ்வரம் உண்டா என்று கேட்க யாரும் இல்லை. 1991-இல் ஜெனரல் மிடி என்று 128 வாத்தியங்களுக்குப் பட்டியல் போட்டார்கள். அதில் சிதார் உண்டு, ஷெனாய் உண்டு, வீணையும் நாகஸ்வரமும் இல்லை. போகட்டும். எண்ணுக்குப் பெயர் வைப்பதிலாவது ஒற்றுமை இருந்ததா? 60-ஐ யமஹா ஸி3 என்றது, ரோலண்ட் ஸி4 என்றது. ஒலிப்பதிவுகள் வந்த டிஸ்க்கில் ‘செல்லோ ஸி3’ என்று எழுதியிருந்தால், எழுதியவர் எந்தக் கட்சி என்று விசாரிக்காமல் கட்டையில் வைக்க முடியாது. வைத்தால் ஒரு ஸ்தாயி தள்ளி ஒலிக்கும்.

இத்தனைக்கும் மிடிக்கு 20 வருஷம் முன்பே, வாத்தியத்தில் இல்லாத ஸ்வரம் ஒலிக்கும் வம்பில்லாத ஒரு பெட்டி இருந்தது. 1963-இல் பர்மிங்காமில் உருவான மெலோட்ரான். ஒரு வரிசைக்கு 35 கட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் தனி டேப். அமுக்கினால் அந்த ஸ்வரத்தின் டேப் எட்டு நொடி ஓடும். பீட்டில்ஸின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ தொடக்கத்தில் வரும் புல்லாங்குழல் அதுதான். ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பக்கத்து ஸ்வரமாக்கும் வித்தை அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

டிஜிட்டலுக்குத் தெரியும். 1979-இல் சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் கொண்டுவந்த, ஒலியைப் பதிந்து கட்டையில் வாசிக்கும் ஃபேர்லைட்டில் ஒரு குரலுக்கு 16 கிலோபைட் நினைவகம். ஒரு நொடி ஒலி அடங்கினாலே பெரிது. அதை வைத்துக்கொண்டு முழு கீபோர்டையும் நிரப்ப வேண்டும். ஒரு ஸ்தாயி மேலே போனால் இரட்டை வேகம், பாதி நேரம். ஸ்வரம் மட்டுமா ஏறும்? வில் உரசும் சத்தம், விரல் அசைவு, மரப்பெட்டியின் கார்வை எல்லாமே கூட ஏறும். டேப்பை வேகமாக ஓட்டினால் பெரியவர் குரல் பொடியன் கீச்சாகிவிடுமே, அந்தக் கதை.

எங்கள் கைக்கு வந்த மெஷின் 1988-இல் வெளியான அகாய் எஸ்1000. 16 பிட், சிடி தரம். ஆனால் அடிப்படை நினைவகம் 2 மெகாபைட். மோனோவில் ஏறக்குறைய 24 நொடி. வயலினுக்கு 55 முதல் 96 வரை 42 கட்டைகள். நாலு நொடிப் பதிவு, அதாவது சாம்பிள், என்றால் ஆறுதான் கொள்ளும். ஆக, ஏழு கட்டைக்கு ஒரு சாம்பிள்: நடுவில் அசல், மேலே மூன்று இழுத்தது, கீழே மூன்று தளர்த்தியது. எல்லையில்தான் வினை. கீழ்ச் சாம்பிளின் கடைசிக் கட்டையில் விரல் அசைவு அவசரமாக இருக்கும்; அடுத்த கட்டையில் திடீரென்று நிதானமாகும். மெதுவான பிடியில் வாசிக்கும் ஆளே மாறிவிட்டதாகக் காது சொல்லும். அதனால் பாட்டின் முக்கியமான ஸ்வரம் எங்கே விழுகிறதென்று பார்த்து எல்லையை ஒரு கட்டை இப்படியோ அப்படியோ நகர்த்துவோம். ப்ரோகிராமர் சம்பளத்தில் பாதி இதற்குத்தான்.

மிச்சமிருக்கும் 19 கட்டைகள்? அடியில் இருக்கும் சாம்பிளைக் கீழே கடைசிவரை இழுத்துவிட்டிருந்த டிஸ்க்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டைகூட ஊமையாக இருக்கக் கூடாதாம். என்னைக் கேட்டால் அந்த ஊமைக் கட்டைதான் பழகும் பையனுக்கு நல்ல வாத்தியார். இல்லாவிட்டால், 53-இல் ஒரு அழகான பிடி பிடித்துவிடுவார் இசையமைப்பாளர். மறுநாள் லைவ் ஸ்ட்ரிங்ஸ் வரும்போது முதல் வரிசை வயலின்காரர் தாளைப் பார்த்துவிட்டு, “தம்பி, ஜி-க்குக் கீழ எங்ககிட்ட தந்தி ஏதுப்பா?” என்பார். பாட்டின் சுருதியை ஏற்றலாமென்றால் பாடகிக்கு ஐந்தரைக் கட்டை என்று முடிவாகியிருக்கும். கடைசியில் அந்தப் பிடி வயோலாவுக்குப் போகும்; வேறு நிறத்தில் வரும். கச்சேரி வயலின் என்றால் சங்கதியே வேறு. பாடகரின் சுருதிக்குத் தந்தியையே தளர்த்திக்கொள்வார்கள். 55 என்ற வேலி அங்கே செல்லாது.

1998-இல் நெமசிஸ் நிறுவனத்தின் கிகாசாம்ப்ளர் நினைவகப் பஞ்சத்தைத் தீர்த்தது. சாம்பிளின் தலைப்பகுதியை மட்டும் நினைவகத்தில் வைத்து, மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஓடும்போதே இழுத்துக்கொள்ளும் முறை. கட்டைக்கு ஒரு பதிவு என்பது மறுபடி சாத்தியமாயிற்று. 35 வருஷம் சுற்றி மெலோட்ரான் வாசலுக்கே வந்து சேர்ந்தோம், இழுவைக் காலத்தில் செய்த பாட்டுகளையும் தூக்கிக்கொண்டு.

2002-இல் வந்த கோன்டாக்ட் போன்றவற்றில் வாசிக்கக்கூடிய கட்டைகள் திரையில் தனி நிறத்தில் தெரிகின்றன. வயலின் பெரும்பாலும் 55-இல் நியாயமாக நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே சும்மா கிடந்த கட்டைகளுக்கும் வேலை கிடைத்தது: ஒன்றை அமுக்கினால் ஸ்டக்காட்டோ, இன்னொன்றில் பிஸ்ஸிக்காட்டோ, அடுத்ததில் ட்ரெமோலோ. சத்தம் வராது, வாசிக்கும் விதம் மாறும். ஆனால் அவையும் மிடி ட்ராக்கில் ஸ்வரங்களாகவே பதிவாகின்றன. அப்படியே நோட்ஸ் பிரிண்ட் எடுத்தால் வயலின்காரர் தாளில் பாதாளத்தில் நாலைந்து புள்ளிகள் நிற்கும்.

டபுள் பாஸில் இதைவிடக் குழப்பம். ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே எழுதுவது மரபு; 28-இல் கேட்பது தாளில் 40. சில லைப்ரரிகள் ஒலித்தபடி கட்டையில் வைக்கின்றன, சில எழுதியபடி. புது லைப்ரரி எதை ஏற்றினாலும் முதலில் பாஸைத் திறந்து, அடி ஈ எந்தக் கட்டையில் வருகிறதென்று அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன்.